மழை மாதத்தில் மூடும் வீடு

மொய்தீன் பிச்சை அந்த வீட்டை வாங்கியது ஏரிக்காக இல்லை, ஏரிக்காற்றுக்காகவும் இல்லை. அங்கே இருந்த விதிகளுக்காக வாங்கினார். இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று சந்தேகம் வந்தால் அவர் ஊரான கோட்டக்குப்பத்துக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "பிச்சை பாயா? பள்ளிவாசல் வாசல்ல செருப்பு கூட ஒரே வரிசையில இருக்கணும்பாரே, அவருதானே?" என்பார்கள்.

விழுப்புரத்திலிருந்து காணை வழியாகப் பனமலைப் பக்கம் போகும் சாலையில், கரும்பு முடிந்து நெல் தொடங்குகிற இடத்தில் ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையை ஒட்டிச் சுற்றுச்சுவர் கட்டி, ஒரே மாதிரி ஓடு வேய்ந்த சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி விற்றார்கள். பெயர் ஹாலிடே பார்க். வீடு வாங்கியவருக்குச் சொந்தம், வீடு நிற்கிற மண் நிர்வாகத்துக்குச் சொந்தம். விடுமுறைக்கு வந்து தங்கிப் போக மட்டுமே அனுமதி வாங்கிய இடம் என்பதால் அங்கே யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. கார்த்திகை மாதம் முழுக்கப் பார்க்கை மூடிவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, மெயினை அணைத்துவிட்டு, சாவியைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

வீடு பார்க்க வந்த மற்றவர்கள் ஏரியைப் பார்த்தார்கள், தூரத்தில் குன்றின் மேல் தெரிந்த கோயிலைப் பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். மொய்தீன் பிச்சை மட்டும் மேனேஜர் நெடுஞ்செழியன் கொடுத்த விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட்டையிலிருந்து அட்டைவரை படித்தார். வெளிச்சுவருக்கு இந்த நிறம்தான் அடிக்க வேண்டும். முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது. ஆடு, கோழி கூடாது. பெற்றோரும் கல்யாணமாகாத பிள்ளைகளும் குடும்பம், கல்யாணமான பிள்ளைகள் விருந்தாளிகள். விருந்தாளிகள் தொடர்ந்து பதினான்கு இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது.

"இது வூடா, ஜெயிலா?" என்று கேட்டாள் ஃபாத்திமா பீவி.

"இவ்ளோ ரூல்ஸ் போட்டுருக்கான்னா ஒழுங்கான எடம்னு அர்த்தம்," என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு திருப்தி இருந்ததா என்று ஃபாத்திமாவுக்கு ஞாபகமில்லை.

மனிதரைக் குறை சொல்ல முடியாது. இருபத்தேழு வருஷம் சவூதியில் தம்மாம் பக்கத்தில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் கேம்ப் பாஸாக இருந்தவர். அறைக்கு எட்டுப் பேர். யார் எந்தக் கட்டிலில் படுக்கிறார்கள், யார் அறைக்குள் திருட்டுத்தனமாக அடுப்பு வைத்திருக்கிறார்கள், யாரைப் பார்க்க யார் வந்தார்கள் என்று பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பார்க்கிறவர்களுக்கு அது கொஞ்சம் அற்பமான வேலையாகத் தெரியலாம். ஆனால் அவர் பொறுப்பில் இருந்த காலம் முழுக்க அந்தக் கேம்ப்பில் ஒரு தீ விபத்து கிடையாது, ஒரு குத்துவெட்டு கிடையாது. கண்டிப்பு இல்லாத பக்கத்துக் கேம்ப்பில் இரண்டுமே நடந்தன. ஒருவனுக்கு விட்டுக் கொடுத்தால் நூறு பேர் வந்து நிற்பார்கள் என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். விதி என்பது யாரையும் தள்ளி வைப்பதற்கு இல்லை, எல்லாரையும் காப்பாற்றுவதற்கு என்று மனதார நம்பினார்.

ஃபாத்திமாவின் கதை வேறு. கோட்டக்குப்பத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் கூட்டாக இருந்த வீட்டில் அவளுக்கு ஓர் அறை. அந்த அறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் பகலில் தாழ்ப்பாள் போட்டால் மாமியார் தட்டுவார், ஓரகத்தி முணுமுணுப்பாள். புருஷன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்ததும் பெட்டியைப் பிரிப்பார், சொந்தக்காரர்களைப் பார்ப்பார், திரும்பப் பெட்டியைக் கட்டுவார். மகள் ஃபர்ஹீன் பிறந்தபோது கம்பெனி லீவு கொடுக்கவில்லை. அப்பா சொல்ல வேண்டிய பாங்கைக் குழந்தையின் காதில் சொன்னது பெரியப்பா. அப்பா தன் மகளை முதன்முதலில் தூக்கியபோது அவளுக்கு நடக்கவே தெரிந்திருந்தது. தூக்கியவரைப் பார்த்து அலறி அழுதாள்.

அதனால் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்து, பூர்வீக வீட்டில் தன் பாகத்தை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு ஏரிக்கரையில் வீடு வாங்கியபோது, விதிகளைக் கேட்டு முகம் சுளித்தாலும் ஃபாத்திமா வேண்டாம் என்று சொல்லவில்லை. தாழ்ப்பாள் போட்டால் யாரும் தட்டமாட்டார்கள். ஒரு மாதம் மூடுவார்கள் என்றால் அந்த ஒரு மாதம் நாகூர் போகலாம், சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகலாம். மற்றபடி அது அவள் வீடு. முதல் நாளே பின்பக்க ஜன்னலுக்கு அவள் இஷ்டத்துக்கு ஒரு பச்சைத் திரை போட்டாள். திரையின் நிறம் பற்றி விதிப் புத்தகத்தில் எதுவும் இல்லை என்று அவர் சரிபார்த்த பிறகுதான் போட முடிந்தது, அது தனிக் கதை.

அப்படிப்பட்டவரை உரிமையாளர் சங்கம் விட்டுவைக்குமா? இரண்டாம் வருஷமே செக்ரட்டரி ஆக்கிவிட்டார்கள். ஆக்கியவர்கள் பிறகு வருத்தப்பட்டார்கள். முன்பக்கம் துண்டு காயப்போட்ட பேங்க் அதிகாரிக்கு நோட்டீஸ் போனது. பிறந்தநாளுக்குப் பாட்டுப் போட்டவருக்கு நோட்டீஸ் போனது. கேட்டில் காவலுக்கு இருந்த கோவிந்தம்மாள், பக்கத்து ஊர்க்காரி, "பாய், நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் மத்தியானத்துல கொஞ்சம் கண் அசருவேன். இப்ப உங்க நெழலப் பாத்தாவே தூக்கம் ஓடிப்பூடுது," என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவைதான். துரைக்கண்ணு விஷயம் அப்படி இல்லை.

துரைக்கண்ணு விழுப்புரத்தில் மோட்டார் பைப் கடை வைத்திருக்கும் வேங்கடேசனின் அப்பா. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோனவர். மனைவி போன பிறகு பார்க்கில் இருக்கும் மகனுடைய வீட்டில்தான் பெரும்பாலும் இருந்தார். உதவிக்கு ஓர் ஆள் இருந்தான். கார்த்திகை வந்ததும் அவர் போகமாட்டேன் என்றார். "ஏரி நெம்புற நேரம் பாத்து போவச் சொல்றீங்களே. சித்திரை மாசத்துலருந்து காஞ்ச ஏரியப் பாத்துக்கினு கெடந்தேன். தண்ணி வர்றப்போ நான் இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். விதிப் புத்தகத்தில் அதற்கு வழியும் இருந்தது. மூடியிருக்கும் மாதத்தில் தக்க காரணம் இருந்தால் நிர்வாகம் சிலரைத் தங்க அனுமதிக்கலாம் என்று ஒரு வாக்கியம்.

மொய்தீன் பிச்சை சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். ஏரி நிரம்புவதைப் பார்ப்பது தக்க காரணம் ஆகாது என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படி ஒரு வாக்கியம் இருப்பதால்தானே ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள், அந்த வாக்கியத்தையே எடுத்துவிடலாம் என்றார். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். வேங்கடேசனும் தூக்கினார். வாக்கியம் போனது. துரைக்கண்ணு விழுப்புரம் போனார். மாசி மாதம் இறந்துபோனார். ஏரியில் அப்போது பாதித் தண்ணீர் இருந்தது.

சொந்தக்காரர் மய்யத்துக்குப் போவது போல மொய்தீன் பிச்சை அந்தச் சாவுக்கும் போய், கடைசிவரை நின்று, மாலை போட்டுவிட்டு வந்தார். மனதில் ஏதோ உறுத்தியது. ஆனால் விதிப்படி செய்ததில் தப்பு இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே, அதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆவணியில் ஃபர்ஹீன் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். புருஷன் இர்பான் கத்தாரில் இருந்தான். அழைத்து வந்தது அத்தாவும் அம்மாவும்தான். ஃபாத்திமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓரகத்தி அறையை எட்டிப் பார்க்காத ஒரு வீட்டில், தன் அடுப்பில், தன் மகளுக்குத் தானே சோறு போடப் போகிறாள்.

பதினான்காம் நாள் காலையில் மொய்தீன் பிச்சை கார் ஏற்பாடு செய்துகொண்டு வந்து நின்றார்.

"எங்க போறோம்?" என்றாள் ஃபர்ஹீன்.

"கோட்டக்குப்பம். பெரியத்தா வூட்ல ஒரு ராத்திரி தங்கிட்டு நாளைக்கு வந்துடலாம். நீ கெஸ்ட்டும்மா. பதினாலு ராத்திரிக்கு மேல ஆவக் கூடாது. சவூதி விசா மாதிரி எக்சிட் அடிச்சிட்டு ரீ-என்ட்ரி ஆயிட்டா அப்புறம் பிரச்சனை இல்ல."

ஃபர்ஹீன் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் செருப்பைத் தேடினாள். ஃபாத்திமா மகளின் முதுகுக்குத் தலையணை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். கேட்டில் கோவிந்தம்மாள் எழுதுகிற பதிவில் மொய்தீன் பிச்சை தானே கையெழுத்துப் போட்டார். "இன்னா பாய், மாசமா இருக்கற பொண்ண இப்பிடி இஸ்துகினு போறீங்க," என்றாள் அவள். "ரூல்ஸ்னா செக்ரட்டரிக்கும் ரூல்ஸ்தான்," என்றார் அவர் பெருமையாக. இப்படி அந்தப் பெண்ணை மூன்று முறை கொண்டுபோய்க் கொண்டுவந்தார்.

மூன்றாம் முறை திரும்பி வந்த அன்று, காரை விட்டு இறங்கிய ஃபர்ஹீன் கால் வீங்கிக் கட்டிலில் சாய்ந்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஃபாத்திமா சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"டாக்டரம்மா ஐப்பசி நடுவுலங்கறாங்க. கொழந்த பொறந்து நாப்பது எப்ப முடியுது?"

அவர் விரல் காலண்டரில் ஓடிக் கார்த்திகைக்குள் நின்றது. பார்க் மூடுகிற மாதம். இதை அவர் யோசிக்காமல் இருந்ததுதான் அதிசயம். ஊர்க்காரர் வீட்டுத் தேதிகளெல்லாம் அவருக்கு மனப்பாடம், தன் வீட்டுத் தேதியை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணன் வூட்டுக்குப் போயிடலாம்," என்றார்.

"அது என் வூடா?"

"ஒரு மாசத்துக்கு வாடகைக்குப் பாக்கலாம்."

"பச்ச ஒடம்புக்காரிய வச்சிக்கினு, கைக்கொழந்தைய வச்சிக்கினு, தெரியாத வூட்டுல? பிரசவ வாசனை போவறதுக்குள்ள காலி பண்ணிக்கினு திரும்ப இங்க? எம் பொண்ணுக்குத் தாய் வூடு எதுங்க? பார்க்குல பர்மிஷன் கேளுங்க. தக்க காரணம்னு ஏதோ ஒண்ணு இருந்திச்சே."

அவர் காலண்டரைச் சுருட்டி வைத்தார். ஃபாத்திமாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. போன வருஷம் கூட்டத்திலிருந்து வந்து அவர் இட்டிலியைப் பிட்டுக்கொண்டே அந்த வாக்கியத்தை எடுத்துவிட்ட கதையைச் சொன்னதும், தான் இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"இத்தினி வருஷமா நீங்க வூட்டுக்கு விருந்தாளியா வந்து போய்க்கினு இருந்தீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "சொந்த வூடு வாங்கித் தரேன்னு சொல்லி என்னையும் விருந்தாளி ஆக்கிட்டீங்க."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். தெரிந்த புத்தகம்தான், வேறு வழி எதுவும் அதில் முளைத்திருக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் சங்கக் கூட்டம். விஷயம் ஏற்கெனவே பார்க் முழுக்கப் பரவியிருந்தது. ஃபாத்திமா கோவிந்தம்மாளிடம் சொல்லியிருப்பாள், கோவிந்தம்மாளிடம் சொன்னால் போதும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பேங்க் அதிகாரி எழுந்து, "செக்ரட்டரி வீட்டு விஷயம். நாம இதுல யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது? தனியா பர்மிஷன் குடுத்துடலாம்," என்றார். துண்டு நோட்டீஸ் வாங்கிய அதே மனிதர். எல்லாரும் தலையாட்டினார்கள். முதலில் கையைத் தூக்கியது வேங்கடேசன்.

அந்தக் கையையே மொய்தீன் பிச்சை பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் எதிர்த்திருந்தால், பழசைச் சொல்லிக் குத்திக் காட்டியிருந்தால், அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். ஒருவரும் குத்திக் காட்டவில்லை. ஒரு கிழவருக்கு இல்லை என்று சொன்னதை இவருக்கு இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறார்கள். அது அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"எனக்கு மட்டும் வேணாம்," என்றார் எழுந்து. "நான் எடுத்த வாக்கியத்தத் திரும்பப் போடுங்க. எல்லாருக்கும் போடுங்க. வயசானவங்க, ஒடம்பு முடியாதவங்க, புள்ள பெத்தவங்க, யார் கேட்டாலும் தங்கலாம்னு போடுங்க. போன வருஷமே இருந்திருக்கணும்." சொல்லிவிட்டு வேங்கடேசன் இருந்த பக்கம் பார்த்தார். வேங்கடேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் நெடுஞ்செழியன் எழுதிக்கொண்டார். "காரணமே இல்லாம கூட்டம் சேந்துடக் கூடாது சார். அதுக்கு ஏதாவது?" என்று கேட்டார்.

பழைய கேம்ப் பாஸ் ஒரு கணம் தலைதூக்கினார். "துணைக்கு ஒருவர்னு போடுங்க," என்றார் மொய்தீன் பிச்சை. "ஒருத்தருக்கு மேல ஆவக் கூடாது."

இருபத்தேழு வருஷப் பழக்கம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. துணைக்கு ஒருவர் என்றால் அது ஃபாத்திமா. தனக்கு இடம் இல்லை என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்த பிறகு, அதுதான் நியாயம் என்றும் பட்டது. துரைக்கண்ணுவை வெளியே அனுப்பியவன் தானும் ஒரு மாதம் வெளியே இருக்கட்டும்.

ஐப்பசியில் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஃபர்ஹீனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இர்பான் கத்தாரில் போனில் அழுதுகொண்டிருந்தான். குழந்தையின் காதில் பாங்கு சொன்னவர் மொய்தீன் பிச்சை. தன் மகளுக்குச் சொல்லாத பாங்கு. சொல்லி முடித்த பிறகும் குழந்தையின் காதருகில் குனிந்தே இருந்தார்.

ஐப்பசி முடிய, மற்ற வீட்டுக்காரர்கள் தொட்டியை வடித்தார்கள், மெயினை அணைத்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். மொய்தீன் பிச்சையும் ஒரு பையில் நாலு சட்டையும் தொழுகை விரிப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்த மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே ஃபாத்திமா நினைத்தாள். மேனேஜரே, "சார், நீங்க இருந்தா யார் கேக்கப் போறாங்க," என்று சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. கோட்டக்குப்பம் தூரம். மகளுக்குத் தினம் மீனும் மருந்தும் வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் இருக்க வேண்டும். லாட்ஜ் தேடிக்கொண்டிருந்தவரை வேங்கடேசன் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். "அப்பா ரூம் சும்மாதான் கெடக்குது பாய்," என்றார்.

மாடியில் சின்ன அறை. கட்டில், மருந்து வாசனை போகாத ஓர் அலமாரி, ஜன்னலைப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர், பூசாத செங்கல். நாற்காலியை மொய்தீன் பிச்சை விளக்குப் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அதத் திருப்ப வுடமாட்டாரு," என்றார் வேங்கடேசன் கதவருகில் நின்று. "அந்தச் செவுருக்கு அந்தாண்டதான் ஏரி இருக்குதுன்னு உக்காந்துகினு இருப்பாரு. மழ பேஞ்சா, தண்ணி எந்த மட்டம் வந்துருக்குதுன்னு போன் பண்ணிக் கேக்கச் சொல்வாரு."

மொய்தீன் பிச்சை நாற்காலியைத் திரும்ப ஜன்னல் பக்கம் வைத்தார். "நான் தப்பு பண்ணிட்டேன் வேங்கடேசன்," என்றார்.

"நீங்க மட்டுமா? நானுந்தான் கையத் தூக்கினேன்." வேங்கடேசன் உள்ளே வந்து அலமாரியைச் சாத்தினார். "ராத்திரில அங்க ஏதாவது ஆச்சின்னா இன்னா பண்றதுன்னு எனக்கு பயம். நான் வேணாம்னு சொன்னா அப்பா மனசு நோவும். நீங்க வேணாம்னு சொன்னது எனக்கு சவுகரியமா பூட்ச்சி பாய். பழி உங்களோட போச்சி." சொல்லிவிட்டு, காப்பி அனுப்புகிறேன் என்று கீழே இறங்கிப் போனார்.

அந்த அறையில் மொய்தீன் பிச்சைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கேம்ப்பில் எத்தனை பேருக்கு எத்தனை பேருடைய சவுகரியத்துக்காக இல்லை என்று சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தார். எண்ணி முடியவில்லை.

காலையில் மீன் மார்க்கெட்டில் பால்சுறா வாங்கிக்கொண்டு, பூண்டும் பேறுகால மருந்தும் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்துப் போய்ப் பார்க் கேட்டில் நின்றார். கோவிந்தம்மாள் வாங்கி உள்ளே கொடுத்தாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே நின்று, குழந்தை ராத்திரி தூங்கியதா, பால் குடித்ததா, உடம்பு மஞ்சள் இறங்கியதா என்று கோவிந்தம்மாளிடம் விசாரித்துவிட்டுத் திரும்புவார். "உள்ள போய்ட்டு வாங்களேன் பாய், நான் வேணும்னா கண்ண மூடிக்கறேன்," என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் குடையை மடக்கவே இல்லை. இந்தத் தண்டனையில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஒழுங்கான ஆள்தான் நாம் என்ற பழைய நிம்மதி.

கார்த்திகை பாதி போன ஒரு நாள் கேட்டுக்குக் கோவிந்தம்மாளோடு ஃபாத்திமாவும் வந்து நின்றாள். முக்காடு மழையில் நனைந்திருந்தது.

"கொழந்த நேத்து சிரிச்சிது," என்றாள்.

"மாஷா அல்லாஹ்," என்றார் அவர். மீன் பையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "ஃபர்ஹீன் மொதல்ல சிரிச்சப்போ நீங்க தம்மாம்ல இருந்தீங்க. தவழ்ந்தப்போ அங்க இருந்தீங்க. நடந்தப்போ அங்க இருந்தீங்க. கேட்டா, கம்பெனி லீவு குடுக்கலன்னு சொன்னீங்க. நான் ஒரு நாளாவது ஒங்களக் கொற சொல்லியிருக்கேனா? புள்ள அத்தா எங்கன்னு கேட்டப்போ எல்லாம் கம்பெனியத்தான் திட்டினேன்." அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப எந்தக் கம்பெனி லீவு குடுக்கல?"

அவர் கையில் மீன் கனத்தது. குடை ஒரு பக்கம் சாய்ந்து தோள் நனைவதுகூடத் தெரியவில்லை.

ஃபாத்திமா சின்னக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "துணைக்கு ஒருத்தர்தானே இருக்கணும்? நான் வெளிய இருக்கேன். நீங்க உள்ள போங்க. ரூல்ஸ் ஒண்ணும் ஒடையல." மீன் பையைப் பிடுங்கி அவர் கையிலிருந்து குடையையும் வாங்கிக்கொண்டாள்.

அவர் போனார். மழையில் நனைந்துகொண்டே, மூடிக் கிடந்த வீடுகளைத் தாண்டி, பச்சைத் திரை தொங்கும் தன் வீட்டுக்குப் போனார். கேட்டடியில் கோவிந்தம்மாள் பழைய சாக்கை விரித்துப் போட, ஃபாத்திமா அதில் உட்கார்ந்தாள். கோவிந்தம்மாள் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தாள். இருவரும் உரித்துத் தின்றார்கள். தோல் குவிந்தது, மழை விட்டது, திரும்பப் பிடித்தது. போனவர் வரவில்லை.

உள்ளே மொய்தீன் பிச்சை தலையைத் துவட்டிக்கொண்டு, கை கால் கழுவிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஃபர்ஹீன் குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள். குழந்தை சிரிக்கவில்லை. அவரையே முறைத்துப் பார்த்தது. கொட்டாவி விட்டது. அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி கரைவரை தளும்பி நின்றது. துரைக்கண்ணு பார்க்க ஆசைப்பட்ட தண்ணீர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மகள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் மறைக்கவில்லை.

"அத்தா, அம்மா வெளிய குந்திக்கினு இருக்காங்க," என்றாள் ஃபர்ஹீன் கொஞ்ச நேரம் பொறுத்து.

அவர் குழந்தையை மகளிடம் கொடுத்தார். செருப்பைக்கூடப் போடாமல் கேட்டுக்கு வந்தார். ஃபாத்திமா மடியிலிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் கிளம்பப் போகிறார் என்று நினைத்துக் குடையை நீட்டினாள்.

"உள்ள வா," என்றார்.

"ரெண்டு பேரு ஆயிடுமே."

"ஆவட்டும்," என்றார் மொய்தீன் பிச்சை.

ஃபாத்திமா அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மீன் பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள். கோவிந்தம்மாள் பதிவில் ஒன்றும் எழுதவில்லை. கேட்டைப் பார்த்துக் கிடந்த தன் காவல் நாற்காலியை ஏரிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மீதி மல்லாட்டையை உரிக்க ஆரம்பித்தாள்.